மணிமுத்தாற்றுக்கு உளுந்தஞ்சோறு

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பிக்னிக் கூட்டம். சுதந்திர தினத்தன்று சபையார் எல்லோரும் எங்கே போவது என்று பேச்சு. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் முட்டம் கடற்கரை என்றார்கள். பாதிப் பேர் கையைத் தூக்கிவிட்டார்கள். நான் கூட்டங்களில் பேசுகிறவள் இல்லை. இன்றைக்கு எழுந்து நின்றேன்.

“ஆகஸ்ட் மாசம் முட்டத்துல காத்து ஆளத் தூக்கும். எல போட்டா எல பறந்துரும். சோத்துல மண்ணு விழும். வயசானவியளுக்கு ஒதுங்க நெழல் கெடையாது. மணிமுத்தாறு அணைப் பூங்கான்னா மரம் இருக்கு, தண்ணி இருக்கு.”

என் வீட்டுக்காரர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். சபைச் செயலர் அவர்தான். தலை நிமிரவில்லை. பேனா மட்டும் நின்றது.

“அங்க கொரங்கு தொல்லை உண்டே” என்றார் யாரோ.

“கொரங்குக்கு ஒரு கம்பு போதும். காத்துக்கு என்ன செய்ய?” என்றேன்.

போதகர் வீட்டு ஐயரம்மா சிரித்துவிட்டார்கள். ஐயரும் மணிமுத்தாறே இருக்கட்டும் என்று முடித்துவிட்டார். பாட்டுப் புத்தகத்தைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இத்தனை பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. அதுதான்.

ஜூலை 22, செவ்வாய்

மழை வரும் போலிருந்து வரவில்லை. காயப்போட்ட வத்தலை எடுத்து, மறுபடி போட்டு, மறுபடி எடுத்தேன். பாளையங்கோட்டையிலிருந்து மணிமுத்தாறு போகிற பஸ் கல்லிடைக்குறிச்சிக்குள் புகுந்துதான் திரும்புமாம். தங்கபுஷ்பம் அக்கா சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள்.

ஜூலை 26, சனி

ஐயரம்மா வீட்டில் பெண்கள் ஐக்கிய சங்கம். யார் என்ன சமைப்பது என்று முடிவு செய்ய உட்கார்ந்தோம். பிரியாணி தங்கபுஷ்பம் அக்கா. அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. பக்கத்துத் தெருக்காரி, சபையில் எந்த விசேஷம் என்றாலும் கரண்டி அவள் கையில்தான் இருக்கும். தயிர்சாதம் ஆசிரியர் வீட்டுப் பெண்கள். கறி சாப்பிடாதவர்களுக்கு இன்னொரு சாதம் வேண்டும் என்றார்கள். ஒருத்தி புளியோதரை என்றாள், ஒருத்தி எலுமிச்சை சாதம்.

“உளுந்தஞ்சோறு ஆக்குவோமே” என்றேன். “எள்ளுத் துவையலும் அவியலும் வச்சு.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“வயசுக்கு வந்த பிள்ளைக்கு ஆக்கிப் போடுத சோறுல்லா அது?” என்றாள் தங்கபுஷ்பம் அக்கா. “பிக்னிக்குக்கு யாராவது உளுந்தஞ்சோறு கொண்டு போவாவளா, ரூபா? தேங்காய் வேற போடணும். மத்தியானத்துக்குள்ள ஊசிப்போவும். ஆறிச்சுன்னா கட்டியா நின்னுரும், அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்.”

“இங்க இருக்கதுல இடுப்பு வலி இல்லாதவிய யாரு, சொல்லுங்க பாப்போம். உளுந்து இடுப்புக்கு நல்லதுல்லா?”

ஐயரம்மாவே இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். “சரி, ரூபாவதி ஆசப்படுதாவ. சின்ன அண்டால ஆக்கட்டும்” என்றார்கள்.

நான் ஆசைப்படவில்லை. இடுப்புக்கு நல்லது என்றுதான் சொன்னேன்.

வெளியே செருப்பு மாட்டும்போது தங்கபுஷ்பம் அக்கா என் காதுக்குப் பக்கத்தில் வந்து, “எப்சிக்குப் பிடிக்கும்லா?” என்றாள். இந்த மூன்று வருஷத்தில் என் முன்னால் அந்தப் பேரைச் சொன்ன முதல் ஆள் அவள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

எழுதாமல் விட்டால் நேற்று எழுதியதற்கு அர்த்தம் இருக்காது. எழுதிவிடுகிறேன்.

எப்சிபா எங்கள் ஒரே மகள். கல்லூரியில் கூடப் படித்த சொரிமுத்துவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவனுக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. அங்கேயே உரக்கடை வைத்திருக்கிறான். அவர்கள் சாமி வேறு, நம்முடைய சாமி வேறு. “சபைக்குச் செயலரா இருக்கவன் வீட்டுலயே இப்பிடி” என்று ஊர் பேசும் என்று இவர் பயந்தார். ஊர் அவ்வளவாகப் பேசவில்லை. இவர்தான் பேசுவதை நிறுத்தினார். இந்த வீட்டில் இனி அந்தப் பேர் கேட்கக்கூடாது என்று ஒரே தடவைதான் சொன்னார்.

ராத்திரி ஜெபத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரையும் வரிசையாகப் பேர் சொல்லி ஜெபிப்பார். என் பேர் முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துவார். அப்புறம் அவருடைய தம்பி பேர் வரும். முன்பு அந்த இடத்தில் நிறுத்தம் கிடையாது.

ஜூலை 31, வியாழன்

தோலோடு இருக்கிற தொலி உளுந்து நல்லதாகக் கிடைக்கவில்லை. மார்க்கெட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர், “எம்மா, ஒண்ணொண்ணா பொறுக்குதிய, கல்யாணத்துக்கா?” என்றார். சபைக்கு என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

இன்றைக்கு ஆக்கிப் பார்த்தேன். விடியற்காலையில் ஆக்கி மூடி வைத்து மத்தியானம் திறந்தால் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். உளுந்தை வாசம் வருகிறவரை வறுத்து, அரிசியோடு வெந்தயமும் முழுப் பூண்டும் போட்டு, தேங்காயைத் துருவிச் சேர்க்காமல் பால் எடுத்து ஊற்றிப் பார்த்தேன். தங்கபுஷ்பம் அக்கா சொன்ன மாதிரி கட்டி ஆகவில்லை. மத்தியானம் ஊசவும் இல்லை. நல்லெண்ணெய் ஒரு கரண்டி கூடுதலாக விட்டால் போதும்.

இவர் எங்கள் பாத்திரக்கடையிலிருந்து சாப்பிட வந்தார். தட்டில் போட்டதும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். “தொவையல் இன்னும் கொஞ்சம் வை” என்றார். பாதியில்தான் நினைவு வந்தது போல.

“இது எதுக்கு இப்பம்?”

“பிக்னிக்குக்கு. ஆக்கிப் பாத்தேன்.”

அவர் கை தட்டிலேயே இருந்தது. எப்சி போனதற்குப் பிறகு இந்தச் சோற்றை இந்த வீட்டில் ஆக்கவே இல்லை. அவள் துவையலைத் தனியாகக் கிண்ணத்தில் வாங்கி விரலால் வழித்துத் தின்பாள். “ஏட்டி, சோத்தோட சேத்துத் தின்னு” என்று இவர் அதட்டுவார். அதட்டிவிட்டுத் தன் பங்குத் துவையலையும் அவள் கிண்ணத்தில் போடுவார்.

மீதியைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவப் போனவர் வெகு நேரம் குழாயடியிலேயே நின்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் பிக்னிக் நோட்டீஸ் தயார் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். தேதி, நேரம், மணிமுத்தாறு அணைப் பூங்கா என்று பெரிய எழுத்து. எல்லோரும் ஸ்டேட்டஸில் வைக்கச் சொன்னார்கள். நானும் வைத்தேன். கீழே, ‘உளுந்தஞ்சோறும் உண்டு’ என்று நானாக ஒரு வரி சேர்த்தேன்.

சபை விஷயம்தானே.

ஆகஸ்ட் 6, புதன்

ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று பார்க்கலாம் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். ஐயரம்மா பார்த்திருக்கிறார்கள். என் தங்கச்சி பார்த்திருக்கிறாள். பால்காரர்கூடப் பார்த்திருக்கிறார். கேஸ் ஏஜென்சி பார்க்கவில்லை.

கேஸ் ஏஜென்சி என்று நான் போட்டு வைத்திருப்பது எப்சியின் நம்பர். அவள் பேரில் வைத்தால் இவர் கண்ணில் படும் என்று அப்படி வைத்தேன். ஒரு தடவைகூட அழைத்ததில்லை. அழைத்தால் இவர் பேச்சை மீறினதாகும். வைத்திருப்பது மீறினதாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் மறுபடி பார்த்தேன். ஸ்டேட்டஸ் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

கேஸ் ஏஜென்சி பார்த்துவிட்டது.

அவளும் என் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. இரண்டு பேரும் வைத்திருந்தால்தான் இது தெரியுமாம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனேன். பொங்கி அடுப்பெல்லாம் ஆகிவிட்டது. இவர் வந்து, “என்ன தீயுத வாசம்?” என்றார். பால் என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

உபவாச ஜெபம். முருங்கைக்காய் விலை ஏறியிருக்கிறது. அவியலுக்கு மாங்காய் போடுவோமா என்று யோசனை. எப்சிக்கு மாங்காய் போட்டால்தான் பிடிக்கும். மற்றவர்களுக்கும் பிடிக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன்னால் நின்றபடி இவர் கேட்டார்.

“மணிமுத்தாறுக்குப் போவணும்னு நீதான மொதல்ல சொன்ன?”

“ஆமா. மரம் இருக்குன்னு.”

“ம்.”

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அவிழ்த்து மறுபடி போட்டார்.

“கல்லிடைக்குறிச்சி வழியாத்தான் போவுது.”

“அப்பிடித்தான் தங்கபுஷ்பம் அக்காவும் சொன்னாவ.”

இன்னும் ஏதோ கேட்பார் என்று நின்றேன். ஆராதனை மணி அடித்துவிட்டது. கிளம்பிவிட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். போன் ஒலித்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் கேஸ் ஏஜென்சியிடமிருந்து ஒரு செய்தி. திறப்பதற்குள் அதை அழித்துவிட்டாள். ‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தது.

வருகிறேன் என்று எழுதினாளா, வரமாட்டேன் என்று எழுதினாளா? அம்மா என்று மட்டும் எழுதினாளா? வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியது தவறி வந்ததா?

போனைப் பிடித்தபடி கொல்லையில் நின்றேன். வாளித் தண்ணீர் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. மறுபடி ஏதாவது வரும் என்று சாயங்காலம்வரை போனை இடுப்பிலேயே சொருகி வைத்திருந்தேன். வரவில்லை. நானாவது ஒரு வரி எழுதலாம் என்று ‘எப்சி’ என்று அடித்தேன். அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நானும் அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பரண்மேல் இருந்து பழைய டிபன் கேரியரை இறக்கித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்டாவில் இருப்பதை எல்லோருக்கும் பரிமாறிவிட்டால் பிந்தி வருகிறவர்களுக்கு ஒன்றும் இருக்காது. யாருக்காவது தனியாக எடுத்து வைக்க ஒன்று வேண்டும். இவர் வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ராத்திரி கடையை அடைத்துவிட்டு வரும்போது கையில் ஒரு புது கேரியர். நான்கு அடுக்கு. மேசைமேல் வைத்தார்.

“அந்தப் பழசுல மூடி லூசா இருக்கு. சூடு நிக்காது.”

“யாருக்குக் குடுக்கப்போறோம், இவ்வளவு நல்லதா?”

“சபைக்காரங்க பாப்பாங்கள்ல” என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போய்விட்டார்.

கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தேங்காய் உடைத்தாயிற்று. எள்ளு வறுத்தாயிற்று. உளுந்து அளந்து வைத்தாயிற்று. மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும். எந்தச் சேலை உடுத்துவதென்று இன்னும் தீர்மானிக்கவில்லை. பிக்னிக்குக்குப் பழைய சேலை போதும். ஆனால் அந்த நீலச் சேலை அவள் முதல் சம்பளத்தில் எடுத்துத் தந்தது. அதுவும் இப்போது பழசுதான்.

ஆகஸ்ட் 16, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்கு எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

பஸ்ஸில் பாட்டும் கைத்தட்டலுமாகத்தான் போனோம். வீரவநல்லூர் தாண்டியதும் என் வாய் மட்டும் பாடியது. கல்லிடைக்குறிச்சிக்குள் பஸ் நுழைந்தது. அப்பளக் கடைகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு டீக்கடை. ஒவ்வொரு பெயர்ப்பலகையாகப் படித்தேன். உரக்கடை எதுவும் கண்ணில் படவில்லை. இவர் எனக்கு முன் இருக்கையில் ஜன்னலோரமாக இருந்தார். ஊர் முடிகிறவரை அவர் முகம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தது.

பூங்காவில் பெரிய மரமாகப் பார்த்துப் பாய் விரித்தோம். பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம், பெரியவர்களுக்குச் சங்கீத நாற்காலி. குரங்குகள் வந்தன. ஐயர் கையில் கம்பைக் கொடுத்து உட்கார வைத்தோம். நான் அண்டாக்களுக்குப் பக்கத்தில், நுழைவாசல் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். வெயில் அந்தப் பக்கம்தான் அடித்தது. “ஏன் ரூபா வெயில்ல காயுத?” என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

கேரியரில் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டேன். கீழடுக்கில் உளுந்தஞ்சோறு, அதற்கு மேல் அவியல், அதற்கு மேல் எள்ளுத் துவையல், மேலடுக்கில் பொரித்த வத்தல்.

பந்தி தொடங்கியது. பிரியாணிக்குக் கூட்டம் அலைமோதியது. உளுந்தஞ்சோற்றுக்கும் ஆட்கள் வந்தார்கள், வயசான பெண்கள்தான். ஒரு பாட்டியம்மா மூன்றாம் தடவை வந்து நின்றார்கள். நான் சிரித்தபடி போட்டேன். கண் வாசலில் இருந்தது. யார் யாரோ வந்தார்கள். ஐஸ் விற்கிறவன் வந்தான். வேறு ஏதோ ஒரு குடும்பம் வந்தது. பந்தி முடிந்தது. இலைகளை எடுத்தார்கள். இவர் மைக்கைப் பிடித்து வேத வினாடி வினா ஆரம்பித்துவிட்டார். அண்டாவைக் கவிழ்த்துக் கழுவலாமா என்று தங்கபுஷ்பம் அக்கா கேட்டாள். “இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்க்கா” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஒரு பையன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான். உள்ளே வரலாமா வேண்டாமா என்று நிற்கிற நிற்பு. போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லியாக இருந்தான். நானே எழுந்து போனேன்.

“அத்தை” என்றான். அவ்வளவுதான். அந்தச் சொல்லை அவன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பான் போல, அப்படி வந்தது.

“எப்சி?”

“அவ வரல அத்தை. வரணும்னுதான் சொன்னா. உளுந்தஞ்சோறு வச்சிருப்பிய, போயி வாங்கிட்டு வாங்கன்னு என்னை அனுப்புனா.”

வரவில்லை என்ற சொல்லுக்கு நான் அத்தனை நாளும் என்னைத் தயார் செய்யவே இல்லை. கேரியரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல் ஒவ்வொரு அடுக்கிலும் என்ன இருக்கிறது என்று சொன்னேன். துவையல் என்றதும் அவன் முகம் மாறியது.

“அந்த அடுக்கை மட்டும் எடுத்துக்கிடுங்க அத்தை. எள்ளு இப்பம் அவளுக்குக் குடுக்கப்படாதுன்னு எங்கம்மா…”

பாதியில் நிறுத்திவிட்டான். சொல்லக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

எள்ளு எப்போது கூடாது என்று எனக்குத் தெரியாதா?

“எத்தன மாசம்ப்பா?”

“மூணு.” தரையைப் பார்த்தான். “இதுக்கு முந்தி ரெண்டு மட்டம் தங்கல அத்தை. அதான் இந்தத் தடவ கட்டிலவிட்டு எறங்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காவ.”

இரண்டு தடவை. என் பிள்ளைக்கு இரண்டு தடவை வயிறு நிறைந்து வெறுமையாகியிருக்கிறது. அந்த நாட்களில் நான் இங்கே வத்தல் போட்டுக்கொண்டு, துணி துவைத்துக்கொண்டு, பேர் சொல்லாத ஜெபத்துக்கு ஆமென் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

துவையல் அடுக்கைக் கழற்றித் தங்கபுஷ்பம் அக்காவிடம் கொடுத்தேன். “அக்கா, நீங்க பாத்துக்கிடுங்க. நான் எப்சியப் பாத்துட்டு வாரேன்” என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். பாயில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

“அத்தை, பைக்குல வருவியளா?” என்று அவன் பதறினான்.

“நீ எடுப்பா.”

மைக்கில் இவர், “நான்காவது கேள்வி” என்றார். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. பிள்ளைகள், “கேள்வி என்ன, கேள்வி என்ன?” என்று கத்தினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். மைக்கைக் கையில் பிடித்தபடி இவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை. கூப்பிடவில்லை. நான் கேரியரை மடியில் வைத்து ஒருக்களித்து உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது.

கல்லிடைக்குறிச்சியில் அவர்கள் வீட்டு வாசலிலேயே அவன் அம்மா நின்றார்கள். “வாங்க மைனி” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். “வருவியன்னு எனக்குத் தெரியும். அவதான் வரமாட்டாவன்னு சொல்லிட்டுக் கெடந்தா.”

எப்சி கட்டிலில் படுத்திருந்தாள். காலுக்குக் கீழே இரண்டு தலையணை. முகம் சின்னதாகப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். “எந்திரிக்காத, எந்திரிக்காத” என்று நானும் அவள் மாமியாரும் ஒரே குரலில் கத்தினோம்.

எவ்வளவோ பேச வேண்டும் என்று வைத்திருந்தேன். அவள் என் சேலை நுனியைப் பிடித்துப் பார்த்தாள்.

“இன்னும் இதக் கிழியாம வச்சிருக்கியாம்மா?”

“கிழிய விட்டாத்தான.”

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டேன். சூடாக இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். பார்த்த பிறகும் கையை எடுக்கவில்லை.

“அன்னைக்கு என்னமோ அனுப்பி அழிச்சியே, என்ன எழுதுன?”

“எனக்கும் கொஞ்சம் எடுத்து வைம்மான்னு எழுதுனேன். அப்பா போனைப் பாத்தாங்கன்னா உனக்குத் தொந்தரவுன்னு அழிச்சிட்டேன்.”

கேரியரைத் திறந்தேன். இளஞ்சூடு இன்னும் இருந்தது. ஒரு கவளம் உருட்டி வாய்க்குக் கொண்டுபோனேன். வாங்கினாள். மென்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் இருந்த பாத்திரத்தைக் காட்டினாள். எடுத்துப் பிடித்தேன்.

“பூண்டு வாசம்மா” என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு. “இப்பம் எதுவும் ஒத்துக்கிட மாட்டேங்கு. கோவிச்சுக்காத.”

மார்க்கெட்டில் பொறுக்கி எடுத்த உளுந்து. பால் எடுத்து ஊற்றின தேங்காய். சபையில் எழுந்து நின்று வாதாடிக் கொண்டுவந்த சோறு. ஒரு கவளம்கூட உள்ளே போகவில்லை.

“என்னட்டி வேணும் ஒனக்கு? சொல்லு.”

கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

“தங்கபுஷ்பம் பெரியம்மா பிரியாணி ஆக்கலையா?”

நான் சிரித்துவிட்டேன். அவள் மாமியார் சிரித்தார்கள். எப்சியும் சிரித்தாள், “சிரிக்க வைக்காதிய, வயிறு குலுங்கக் கூடாது” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரித்துக்கொண்டே இருந்தவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீலச் சேலை நனைந்தது. அவியலில் இருந்த மாங்காய்த் துண்டை மட்டும் சப்பிச் சப்பித் தின்றாள். உளுந்தஞ்சோற்றை நானும் அவள் மாமியாரும் சாப்பிட்டோம். “பாகம் நல்லா இருக்கு மைனி” என்றார்கள்.

“அப்பா வந்துருக்காங்களா?” என்று நான் கிளம்பும்போது கேட்டாள்.

“மணிமுத்தாறுலதான் இருக்காங்க.”

“இவ்வளவு பக்கத்துலயா?” என்றாள். கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

சொரிமுத்து என்னைக் கொண்டுவந்து விடும்போது எல்லோரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். எனக்காகத்தான் பஸ் நின்றது. இந்தத் தடவை இவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். பஸ் சேரன்மகாதேவி தாண்டியது. அப்புறம் முன் இருக்கையின் கம்பியைப் பார்த்துக்கொண்டு நான் சொன்னேன்.

“மூணு மாசமாம். படுத்தே கெடக்கா. இதுக்கு முந்தி ரெண்டு தங்கலையாம்.”

அவர் திரும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். பஸ் பாளையங்கோட்டை வருகிறவரை மறுபடி மாட்டவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோயிலில் தங்கபுஷ்பம் அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிரியாணி விஷயத்தைச் சொன்னேன். “நாளைக்கே ஆக்கித் தாரேன்” என்று அங்கேயே மூக்கைச் சிந்தினாள்.

மத்தியானம் இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் கடைக்குக் கிளம்பியவர் வாசல் நடையில் நின்று செருப்பை மாட்டினார். மாட்டிய பிறகும் போகவில்லை.

“ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டிலயா கூட்டிட்டுப் போறான்?”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு நடைக்கு வந்தேன்.

“ஆட்டோலன்னு சொன்னாவ.”

“ஆட்டோ குலுக்கும். கார் பிடிக்கச் சொல்லு.” தெருவைப் பார்த்துத்தான் பேசினார். “பஸ்ல போவும்போது பாத்தேன். அந்த ஊருக்குள்ள ரோடு பூராவும் குண்டும் குழியுமா கெடக்கு. பையப் போவச் சொல்லு.”

யாரிடம் சொல்ல என்று நான் கேட்கவில்லை. அவர் படி இறங்கி, தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து போனை எடுத்து, இந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். அப்பா சொன்னதைச் சொன்னேன்.

வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

“வேற என்ன சொன்னாங்க?” என்றாள்.

“வேற ஒண்ணும் சொல்லல. ரோட்டப் பத்தித்தான்.”

“திரும்பச் சொல்லும்மா.”

“எத? குண்டும் குழியுமா கெடக்குன்னதையா?”

“எல்லாத்தையும். அப்பா எப்பிடிச் சொன்னாங்களோ அப்பிடியே சொல்லு.”

நடைக்குப் போய், அவர் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, முதலிலிருந்து சொன்னேன்.